லேஸ் கட்டும் பழைய மாதிரித் தோல் பந்து: கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு ஒத்துவருமா?

இது 18 பட்டைத் தோல் கால்பந்து, உள்ளே காற்று நிரப்பும் ரப்பர் பை (பிளாடர்), அதைச் செருகும் வாயை இழுத்துக் கட்ட லேஸ். இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் ராணுவ முகாமில் இருந்த கால்பந்து வீரர்கள் ஜோ மெர்சர், ஸ்டான் கல்லிஸ் போன்றோர் அவ்வூர் அணிக்கு ஆடியது இந்த வகைப் பந்தில்தான். 1937 விதிப்படி எடை 14 முதல் 16 அவுன்ஸ். ஆனால் அது காய்ந்த பந்தின் கணக்கு.

தையல் நன்று, மெழுகு நூல், பிசிறு இல்லை. கோளாறு வாயில்தான். காற்றடித்ததும் பிளாடர் கழுத்தை மடித்துக் கட்டி, லேஸுக்குக் கீழுள்ள நாக்குத் தோலுக்கு அடியில் தட்டையாகச் செருகிய பிறகே லேஸை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அங்கே புடைப்பு நிற்கும். பந்து கோணலாக உருளும், தலையால் முட்டினால் நெற்றி பழுக்கும். காற்றழுத்தம் 9 பி.எஸ்.ஐ. போதும். அதற்குமேல் ஏற்றினால் முதலில் விரிவது லேஸ் ஓட்டைகள்.

கடலூர் ஐப்பசி மழைக்கு இது ஆகாது. தோல் நீரைக் குடித்துக் கனக்கும், ஈரத்தில் முட்டுவது ஆபத்து. ஆடி முடித்ததும் துடைத்து நிழலில் உலர்த்தி, தையல்மேல் தேன்மெழுகு தேய்க்கலாம். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். கண்காட்சி ஆட்டத்துக்குச் சரி, தினப் பயிற்சிக்கு வேண்டாம்.