ஐந்து இலட்சமும் ஒரு வருட நிலையான வைப்பும்

வங்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. திருகோணமலை பஸ் நிலையத்தில் இருந்து நடந்து போகிற தூரம். வாசலில் மான்கள் நின்றால் அவை நகரும் வரை காத்திருந்துதான் உள்ளே போகவேண்டும். நான் எழுத வந்தது அங்கே கிடைக்கிற ஒரு வருட நிலையான வைப்பைப் பற்றி. உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

2021 செப்டெம்பரில் 5 இலட்சம் ரூபாய் வைத்தேன். வட்டி 5.5 சதவீதம். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்று ஆங்கிலப் படிவத்தை நீட்டினார்கள். அதைத் தவிர வேலை சுறுக்காக முடிந்தது, அரை மணித்தியாலத்தில் சான்றிதழ் கையில். மறு வருடம் 5,27,500 ரூபாய் சதம் குறையாமல் வந்தது. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். கவுண்டருக்கு முன்னால் நின்றபடியே கணக்குப் போட்டேன்: முந்தைய வருடத்துக் காசில் இது ஏறக்குறைய 3 இலட்சத்து 10 ஆயிரம். பெயரளவு வட்டி (வங்கி சொல்வது), மெய் வட்டி (பணவீக்கம் போக மிஞ்சுவது) என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவனுக்கு இப்படியொரு செய்முறைப் பரீட்சை.

அடுத்து நான் செய்ததுதான் மடத்தனம். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியிருந்தது. வைப்பு வட்டியும் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. "சேர், புதுப்பிச்சு விடுங்கோ" என்றார் கவுண்டரில் இருந்த பிள்ளை. விலை இன்னும் ஏறும் என்ற பயத்தில் காசை எடுத்துச் சீமெந்தும் கூரைத் தகடும் வாங்கினேன். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம்! அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம். கூரை ஒழுகவில்லை, அது வேறு கதை.

சரி, இந்த வைப்பு யாருக்குப் பொருந்தும்? மாதச் சம்பளம், அப்புறம் ஓய்வூதியம் என்று வாழ்கிற என்னைப் போன்றவர்களுக்கு. உழைக்கிற காலத்தில் சேர்த்து முதுமையில் செலவழிக்கிற ஆளைத்தான் பொருளியலாளர் பிராங்கோ மொடிக்லியானி 1950களில் தன் வாழ்க்கை வட்டக் கருதுகோளில் வரைந்தார். திருக்கடலூரில் மீன்பிடிக்கிற என் மச்சான் அந்த ஆள் இல்லை. வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் வள்ளம் கரையில்தான். கடன் கேட்டால் வங்கி சம்பளச் சீட்டைக் கேட்கும்.

அவருக்கு ஆங்கஸ் டீட்டன்தான் சரி. 2015இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். கடன் வாங்க வழியில்லாமல், வருமானமும் ஏறி இறங்கினால் மனிதர் எப்படிச் சேமிப்பார் என்று 1991இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். மீன் பட்ட நாளில் கொஞ்சம் ஒதுக்குவது, படாத நாளில் அதை எடுத்துச் சாப்பிடுவது. (மீன் என் உதாரணம், அவருடையது இல்லை.) கையிருப்பு கூடும், குறையும், அநேகமாகச் சிறிதாகவே இருக்கும். வருடக் கடைசியில் புத்தகத்தைப் பார்க்கிறவருக்கு இவர்கள் சேமிக்கத் தெரியாதவர்கள் என்று தோன்றும். ஆனால் அந்தச் சிறு தொகைதான் வாடைக் காலத்தில் உலையை ஏற்றி வைக்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டும் மச்சானை இந்த வைப்புக்குக் கூட்டிப் போனவன் நான்தான்.

போன வருடம் ஆவணியில் ஒரு இலட்சம் வைத்தார், மார்கழியில் உடைத்தார். தவணைக்கு முன் எடுத்ததால் வட்டியில் பெரும் பகுதியை வெட்டிவிட்டார்கள். விதி அப்படித்தான், படிவத்தில் இருக்கிறது, ஆங்கிலத்தில். இரண்டு தரம் அலைந்தும் ஆயிற்று. "வாடைக்குக் காசு கைக்குள்ள இருக்கோணும் மச்சான், உங்கட வட்டி ஆருக்கு வேணும்?" என்றார். இப்போது பழையபடி அக்கம்பக்கத்தில் சீட்டுக் கட்டுகிறார். அவசரத்துக்குத் தங்கச்சியின் சங்கிலி ஈட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறது.

வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், பலகையில் போட்டிருப்பது முழுதாக வராது. காலையில் போனால் கூட்டம் குறைவு.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மச்சான் ஒன்று கொடுக்கிறார், அதுவும் வங்கியின் ஏசிக்காம்.