சின்னக் கடனா, பெரிய வட்டியா: எதை முதலில் அடைப்பது?

சம்பளம் வந்த பத்தாம் நாளே கணக்கு காலியாகிவிடும் ஒருவர், எப்படியோ செலவைக் குறுக்கி மாதம் 3,000 மிச்சம் பிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். (எந்த நாட்டு நாணயமாகவும் இருக்கட்டும், கணக்கு ஒன்றுதான்.) இருக்கிற கடன்களில் எதன் மேல் அதைப் போடுவது? பாக்கி குறைவாக இருப்பதை முதலில் முடி என்கிறது ஒரு கட்சி. வட்டி அதிகம் தின்பதை முதலில் வெட்டு என்கிறது இன்னொரு கட்சி. இதற்கு நடுவே, எல்லாவற்றையும் ஒரே லோனாக மாற்றித் தருகிறோம் என்று வங்கியிலிருந்து போன் வரும்.

முதல் இரண்டு கட்சிகளின் சண்டையை எண்களில் பார்க்கலாம். நம் ஆளுக்குக் கிரெடிட் கார்டில் 80,000 பாக்கி. மாதம் 3 சதவீத வட்டி, அதாவது வருடத்துக்கு 36. மாதாமாதம் 4,000 கட்டுகிறார். தவணையில் வாங்கிய ஒரு பொருளுக்கு இன்னும் 12,000 பாக்கி. வட்டி கிடையாது, மாதத் தவணை 2,000.

வட்டிக் கட்சி சொல்படி கூடுதல் 3,000-ஐக் கார்டில் போட்டால், பொருளின் தவணை தன் பாட்டுக்கு ஆறு மாதத்தில் முடியும். சின்னக்கடன் கட்சி சொல்படி போனால் அது மூன்றாம் மாதமே முடிந்து, அடுத்த மாதத்திலிருந்து அந்த 2,000-மும் கார்டுக்குத் திரும்பும். ஆறாம் மாத முடிவில் இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம், கார்டு பாக்கியில் சுமார் 670. இத்தனை வாக்குவாதமும் இந்த 670-க்காகத்தான்!

அந்த 670-க்கு ஈடாகக் கிடைப்பது என்ன? நாலாம் மாதத்திலிருந்து கட்டாயத் தவணை ஒன்று குறைகிறது. சம்பளம் தாமதமானாலோ, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனாலோ, அந்த மாதம் 5,000 வரை நிறுத்தி வைக்கலாம். எந்தத் தவணையும் தவறாது, தாமதக் கட்டணம் விழாது. வட்டிக் கட்சியின் வழியில் ஆறாம் மாதம் வரை 3,000-ஐ மட்டும்தான் நிறுத்தி வைக்க முடியும். கையில் சேமிப்பு உள்ளவருக்கு இது பெரிய விஷயமில்லை. சம்பளத்துக்குச் சம்பளம் ஓட்டுகிறவருக்கு இதுதான் விஷயமே. வட்டி விகிதத்தைவிட, மாதக் கட்டாயம் எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் அவர் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பாக்கியைத் தவணையால் வகுத்துப் பாருங்கள். கார்டுக்கு 20 வருகிறது, பொருளுக்கு 6. எண் சின்னதாக இருந்தால், கொஞ்சப் பணத்தில் ஒரு தவணையே தலையிலிருந்து இறங்குகிறது என்று பொருள்.

ஆனால் எண்களை மாற்றினால் தீர்ப்பும் மாறும். அதே கார்டு, பக்கத்தில் வருடம் 9 சதவீத வட்டியில் 60,000 லோன், தவணை 3,000. வகுத்தால் இதற்கும் 20-தான். பாக்கி சின்னது என்பதற்காகக் கூடுதல் பணத்தை லோனில் போட்டால், பத்து மாதம் கழித்துப் பார்க்கும்போது சுமார் 3,360 நஷ்டம். லோனும் அப்போது முழுசாக முடிந்திருக்காது. இங்கே யோசனையே வேண்டாம், கார்டுதான்.

மனசுக்கும் இதில் பங்கு உண்டு. கடன் தீர்வுத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் கணக்குகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, தொகை பெரிதோ சிறிதோ, கணக்குகளை ஒவ்வொன்றாக மூடுவது கடனை முழுசாக முடிப்பதோடு சேர்ந்தே வருகிறது என்று கண்டது. முந்தின வருடம் வந்த இன்னொரு ஆய்வு எதிர்ப்பக்கம் பேசுகிறது: கடனின் எண்ணிக்கையைக் குறைக்கும் ஆசையில் மக்கள் அதிக வட்டிக் கடனை விட்டுவிட்டுச் சின்னதை அடைக்கிறார்கள், பணத்தை இழக்கிறார்கள் என்று. இரண்டும் உண்மைதான். அதனால்தான் 670-ஐயும் 3,360-ஐயும் தனித்தனியே கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

இனி அந்த போன் அழைப்பு. கார்டின் 80,000-ஐ வருடம் 15 சதவீத பர்சனல் லோனாக மாற்றுகிறார் என்று கொள்வோம். கார்டிலேயே மாதம் 4,000 கட்டிவந்தால் 31 மாதம் ஆகும், வட்டி மட்டும் சுமார் 44,000. மாற்றிக்கொண்டு 24 மாதத்தில் முடித்தால் தவணை சுமார் 3,880, வட்டி சுமார் 13,100. பிரமாதம். ஆனால் போனில் பேசுகிறவர் 24 மாதத்தைச் சொல்ல மாட்டார். "மாதம் 1,900 கட்டினால் போதும்" என்பார். அது 60 மாதக் கணக்கு; வட்டி சுமார் 34,200. ஐந்து வருடம் கட்டியும், கார்டோடு ஒப்பிட்டால் பத்தாயிரம்தான் மிச்சம். லோன் கொடுக்கும்போது வங்கி பிடிக்கும் பிராசஸிங் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அதைவிடப் பெரிய பள்ளம் வேறு. லோன் வந்ததும் கார்டில் பாக்கி பூஜ்யமாகி, லிமிட் முழுசாகத் திறந்துகொள்ளும். செலவு முறை மாறாதவர் கையில் அது இருந்தால், ஒரு வருடத்தில் லோனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். கார்டை மூடவோ லிமிட்டை அடியோடு குறைக்கவோ தயாராக இல்லாதவர் இந்த வழிக்கே போகாமல் இருப்பது நல்லது.

மினிமம் டியூ, அதாவது கார்டு பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை, அதை மட்டும் கட்டுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. பாக்கி குறையக் குறைய அந்தத் தொகையும் குறைந்துகொண்டே போகும். கடன் முடியும் தேதி தள்ளிக்கொண்டே போகும்.

கடனை அடைப்பதா, முதலில் கொஞ்சம் சேர்ப்பதா என்றும் கேட்பார்கள். 36 சதவீதக் கடன் தலைமேல் இருக்கும்போது சேமிப்பில் வைப்பது முட்டாள்தனம் என்று கணக்கு சொல்லும். நான் கணக்கை ஒரு மாதம், இரண்டு மாதம் மீறச் சொல்வேன். காரணம், கார்டில் பழைய பாக்கி நிற்கும்போது பெரும்பாலும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு தொகைக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். வழக்கமாக வரும் ஓர் அவசரச் செலவைத் தாங்கும் அளவுக்குப் பணம் தனியாக இருந்தால், கார்டை வெளியே எடுக்க வேண்டிய தேவை இல்லை. அந்த அளவோடு நிறுத்திவிட்டு, மிச்சம் எல்லாம் கடனுக்கு.

எந்த வழியில் போனாலும், கூடுதல் பணம் கட்டும் முன் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா? கூடுதலாகக் கட்டுவது அசலில் கழியுமா, அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வரவு வைப்பார்களா? முன்பணம் என்றால், மேலே போட்ட கணக்கு எதுவும் அந்தக் கடனுக்குப் பொருந்தாது.