ஹஸ்கியா, மலமூட்டா: சேலத்து வீட்டுக்கு எது?

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் அக்கா மகன் பத்தாவது முடித்த கையோடு நாய் கேட்கிறான். சும்மா நாய் இல்லை, ஓநாய் மாதிரி, நீலக் கண்ணோடு. "சைபீரியன் ஹஸ்கியா, அலாஸ்கன் மலமூட்டா, சொல்லுங்க மாமா" என்று என்னிடம் வந்து நிற்கிறான், ஏனென்றால் ஏற்காட்டில் ஐந்து வருடமாக ஒரு ஹஸ்கியோடு மல்லுக்கட்டுவது நான்தான்.

நீலக் கண் வேண்டுமென்றால் மலமூட் அங்கேயே அடிபட்டுப்போகும். அதற்குப் பழுப்புக் கண் மட்டும்தான். நீலக் கண் மலமூட் என்று யாராவது விலை சொன்னால், பெரும்பாலும் அது முடி நீண்ட ஹஸ்கி, இல்லையென்றால் கலப்பு.

இரண்டுமே பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்கள், ஆனால் இழுத்த விதம் வேறு. ஹஸ்கி சைபீரியாவின் சுக்சி மக்கள் வளர்த்தது: லேசான சுமை, நெடுந்தூரம், வேகம். 1925இல் அலாஸ்காவின் நோம் ஊருக்குத் தொண்டை அடைப்பான் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த அணிகளில் புகழ்பெற்ற டோகோவும் பால்டோவும் ஹஸ்கிகள்தான். அந்த ஓட்டம் இன்னும் ரத்தத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு நாலடிச் சுவரை ஒரே தாவலில் தாண்டி, காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து, பக்கத்து வீட்டுக் கோழி மூன்றைத் தீர்த்துவிட்டுத்தான் திரும்பியது. கூப்பிட்டால் வராது, காதில் விழும், வராது. சுவரை உயர்த்தினோம், அடியில் தோண்ட ஆரம்பித்தது.

மலமூட் பாரம் இழுக்கப் பிறந்தது. ஆண் ஹஸ்கி 20 முதல் 27 கிலோ, ஆண் மலமூட் சுமார் 38 கிலோ. இங்கே ஓர் எஸ்டேட் வீட்டில் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளிடம் எங்கள் நாயைவிடச் சாது, ஆனால் அது ஆசையாக ஓடி வந்தாலே நாலு வயதுக் குழந்தை மல்லாந்து விழுகிறது. கயிற்றைப் பிடிக்க அந்த வீட்டுப் பாட்டியால் முடியாது, என்னாலேயே சிரமம். இன்னொரு ஆண் நாயைக் கண்டால் உறுமல் வேறு, தெருநாய் இல்லாத தெரு நம் ஊரில் எங்கே?

முடி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். வருடம் இரண்டு முறை அடிமுடி கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். வெயிலுக்காக மொட்டையடிக்கவும் கூடாது, அந்த முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது.

இப்போது வெயில். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், கோடையிலேயே 30 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம், ஏப்ரல் மே மாதத்தில் 40ஐத் தொடும். நாய்க்கு நம்மைப் போல வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் உடம்பு ஆற வேண்டும். ஏசி போட்டுக்கொள்ளலாம் என்கிறார் அத்தான். சரி, கரண்ட் போனால்? அப்புறம் ஓடப் பிறந்ததை அறைக்குள் பூட்டினால் சோபாவைக் கிழிக்கும், ராத்திரி ஊளையிடும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

மலையில் வீடு, ஆறடிச் சுவர், காலையில் ஒரு மணி நேரம் ஓடவிட ஆள் இருந்தால் நான் ஹஸ்கி என்பேன். மலமூட் குணத்தில் தங்கம், ஆனால் வளர்ந்த பிள்ளைகளும் கைப்பலமும் உள்ள வீட்டுக்கு. அஸ்தம்பட்டிக்கு இரண்டும் வேண்டாம். நம்ம ஊர் வேட்டை நாய் சிப்பிப்பாறைக் குட்டி பார்ப்போமா என்றேன், பையன் முகம் சுருங்கிவிட்டது. இப்போதைக்குச் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து எங்கள் நாய்க்கு முடி சீவுகிறான், ஒரு தடவை சீவினால் ஒரு தலையணைக்குத் தேறுகிறது.