ஏசி ஃபில்டர்: பேப்பரா, கார்பனா, ஊதியே ஓட்டலாமா?

போன சித்திரையில் காரை சர்வீஸ் விட்டு எடுத்தேன். பில்லில் ‘ஏசி ஃபில்டர்’ (காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது) என்று ஒரு வரி, மாற்றியதற்குக் கூலி என்று இன்னொரு வரி. மூன்று வாரம் கழித்து ஏசி போட்டதும் ஒரு மக்கல் வாடை. குளோவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஃபில்டர் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. மடிப்புக்கு மடிப்பு காய்ந்த வேப்பம்பூ, ஓரத்தில் பொடிந்துபோன சருகு. வேப்பமரத்தடியில்தான் நிறுத்துகிறேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று வாரத்தில் அவ்வளவு சேராது. அன்றிலிருந்து நானே மாற்றுகிறேன்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. என்னுடையது கிராண்ட் ஐ10. பெட்டியைக் காலி செய்து, உள்ளே இரண்டு பக்கமும் இருக்கும் தடுப்புக் குமிழ்களைத் திருகி எடுத்து, பெட்டி சட்டென்று விழாமல் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டேம்பரைக் கழற்றினால் பெட்டி கீழே தொங்கும். பின்னால் தெரியும் மூடியின் கிளிப்பை அழுத்தி இழுத்தால் ஃபில்டர் கையில். ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். முதல் தடவை 20 நிமிடம், இப்போது ஐந்து. எல்லாக் காரும் இவ்வளவு தங்கமானது இல்லை. சிலவற்றில் கால் வைக்கும் இடத்தில் தலையைக் கவிழ்த்து மல்லுக்கட்ட வேண்டும். அந்த வண்டிக்காரர்கள் கூலி கொடுத்துவிடுவதே மேல், ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது? கடையில் இரண்டு வகை கிடைக்கும். வெள்ளையாக இருப்பதைப் பேப்பர் ஃபில்டர் என்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் நெய்யாத செயற்கை இழை. தூசி, மகரந்தம், சருகுத் தூள் எல்லாவற்றையும் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது. கரும்சாம்பல் நிறத்தில் இருப்பது கார்பன் ஃபில்டர். அதே இழையோடு ஒரு அடுக்கு கரித்தூள். முன்னால் போகும் லாரியின் புகை நாற்றம், கூவம் பாலத்தின் நாற்றம் இவற்றைக் கணிசமாகக் குறைக்கும். விலை கூட.

நான் கார்பன் கட்சி. தினமும் சென்னை சிக்னல்களில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்பவனுக்கு வித்தியாசம் முதல் நாளே தெரியும். என் மச்சான் கோவில்பட்டிக்காரர், பேப்பர் கட்சி. அவர் ஓட்டுவது கரிசல் காட்டுப் பாதையில். அங்கே புகை எங்கே இருக்கிறது? தூசிதான். கார்பன் போட்டாலும் அதே வேகத்தில்தான் அடைத்துக்கொள்ளும். ஒரு கார்பன் வாங்கும் காசில் பேப்பர் வாங்கி வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றுகிறார். அவர் கணக்கு அவருக்குச் சரி. என் கணக்கில் ஒரு ஓட்டையும் உண்டு. கரி வாடையை உறிஞ்சுவதற்கு ஒரு அளவு இருக்கிறது. அது நிறைந்த பிறகு வெள்ளை ஃபில்டருக்கும் அதற்கும் நிறத்தில்தான் வித்தியாசம். ஆகவே கார்பன் போட்டவர் ‘நல்லதுதானே போட்டிருக்கிறோம்’ என்று இரண்டு வருஷம் விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று, இன்ஜின் புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடை இந்தக் கரி தடுக்காது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவது எந்த ஃபில்டர் போட்டாலும் ஆபத்துதான்.

இப்போது ‘ஹெபா’ (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் வகை) என்று போட்டும் விற்கிறார்கள். உண்மையான ஹெபா 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். அவ்வளவு நெருக்கமான இழைக்குள் காற்றைத் தள்ள சின்னக் காரின் ஏசி ஃபேனுக்குத் தெம்பு போதாது. ஃபில்டர் அட்டைப்பெட்டியில் இந்தச் சோதனை விவரம் எதுவும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால், பெயருக்குத்தான் காசு.

மூன்றாவது கட்சி, பங்க்கில் காற்று பிடித்து ஊதி ஓட்டுபவர்கள். இலை, சருகு மட்டும் என்றால் தட்டி எடுத்துத் திரும்பப் போடலாம், நானும் இடையில் ஒரு தடவை செய்வேன். ஆனால் அழுத்தமாக ஊதினால் இழை விலகிவிடும், நுண்தூசி நேரே உள்ளே வரும். தண்ணீரில் அலசுவது அதைவிட மோசம். நுண்தூசியை ஈர்த்துப் பிடிக்க இழையில் ஏற்றியிருக்கும் நிலைமின்சாரம் குறைந்துபோகலாம். ஈரத்தோடு போட்டால் பூஞ்சை இலவசம். எலி கடித்த ஃபில்டரில் ஊதவெல்லாம் யோசிக்கவே வேண்டாம், அப்படியே குப்பைக்கு.

மாட்டும்போது எல்லாரும் தடுமாறுவது அம்புக்குறியில். ‘ஏர் ஃப்ளோ’ என்று போட்ட அம்பு காற்று போகும் திசையைக் காட்டும். என் வண்டியில் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது, அதனால் அம்பு கீழே. ஆனால் சில ஃபில்டரில் ‘அப்’ என்று போட்டிருப்பார்கள். அது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று சொல்வது, காற்றைப் பற்றியது அல்ல. பழையதை இழுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்தால் அதன் அம்பு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். பழையதையே எவராவது தலைகீழாக மாட்டியிருந்தால்? அழுக்கு ஏறிய முகத்தைப் பாருங்கள், காற்று வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

மக்கல் வாடை ஃபில்டரோடு போய்விடும் என்று நினைத்தேன். பாதிதான் போனது. மீதி, ஈரத்திலேயே கிடக்கும் கூலிங் காயிலில் இருந்து வந்தது. வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிட ஆரம்பித்த பிறகுதான் அது அடங்கியது.

இப்போதெல்லாம் புது ஃபில்டரின் ஓரத்தில் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிட்டுத்தான் உள்ளே தள்ளுகிறேன். சர்வீஸ் விட்டு எடுத்தால் பில்லுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பது.