6×135 ஹப்ல 6×139.7 ரிம்: அடாப்டர் போட்டு ஓட்டின அனுபவம்

வண்டி 2012 ஃபோர்டு எஃப்-150, பிசிடி 6×135, அதாவது 135 எம்எம் விட்டமுள்ள வட்டத்துல ஆறு போல்ட்டு. தெரிஞ்சவர் ஒருத்தர் ஷெவி சில்வராடோல இருந்து கழட்டுன அலாய் செட்டு சும்மாவே குடுத்தாரு, அது 6×139.7. வெறும் 4.7 எம்எம் தானே, நட்டை இழுத்து முறுக்குனா உக்காந்துரும்னு யோசனை வேற. தயவுசெஞ்சு அந்த வேலை மட்டும் பண்ணிராதீங்க, ஸ்டட் (ஹப்ல இருந்து நீட்டிக்கிட்டு இருக்கிற போல்ட்டு) வளைஞ்சு நட் கோணலா நிக்கும், என்னைக்கு வீல் தனியா ஓடும்னு சொல்ல முடியாது.

அதனால 38 எம்எம் கனத்துல அலுமினிய அடாப்டர் நாலு வாங்கினேன், ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வர்ற தட்டு இது. 6061-டி6ங்கிற அலுமினிய கலவை, வார்ப்பு கிடையாது. பின்பக்க நடு ஓட்டை ஃபோர்டு ஹப்புக்கு 87.1 எம்எம், முன்பக்க லிப் (ரிம்மோட நடு ஓட்டைக்குள்ள உக்கார்ற விளிம்பு) ஷெவி ரிம்முக்கு 78.1, ரெண்டும் கச்சிதம், 110ல போனாலும் ஸ்டியரிங் நடுக்கமே இல்ல. லிப் இல்லாதத மலிவா வாங்கிட்டு அப்புறம் பேலன்சிங் பண்ணவன திட்டுறதுல அர்த்தம் இல்ல.

மாட்டுறதுக்கு முன்னாடி ஹப் முகத்துல இருந்த துருவ கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சேன், அதுக்கே அரை நாள் போச்சு. அப்புறம் பாத்தா பழைய ஸ்டட் நுனி அடாப்டரை தாண்டி ரெண்டு எம்எம் நீட்டிக்கிட்டு நிக்குது. நுனில லேசா கிரீஸ் தடவி ரிம்மை வெச்சு எடுத்துப் பாத்தேன், ரிம் பின்னாடி இருக்கிற பள்ளத்துக்குள்ள போயிருச்சு, எங்கயும் கறை ஒட்டல. ஒட்டியிருந்தா ரிம் அடாப்டர்ல படியாம ஸ்டட் மேலயே நின்னிருக்கும், நட்டு மட்டும் டைட் ஆன மாதிரி ஏமாத்தும்.

இன்னொரு கூத்து, வண்டியோட பழைய நட்டு 14×2.0, அடாப்டர் ஸ்டட் 14×1.5, கனம் ஒண்ணுதான், மரை இடைவெளி வேற. ஒரு சுத்து ஏறிச்சு, அடுத்த சுத்துல பிடிச்சுக்கிச்சு. நல்லவேளை கையால தான் ஏத்துனேன், கன் போட்டிருந்தா மரை காலி. புது நட்டு வாங்கி, அடாப்டரை ஹப்ல பிடிக்கிற உள் நட்டு, ரிம்மை அடாப்டர்ல பிடிக்கிற வெளி நட்டு ரெண்டையும் டார்க் ரெஞ்ச்ல 200 நியூட்டன் மீட்டர் கிட்ட வெச்சு முறுக்குனேன். 80 கிமீ ஓட்டிட்டு ரிம்மை கழட்டி உள் நட்டை திரும்ப செக் பண்ணா ரெண்டு நட்டு கால் சுத்து வாங்குது! இந்த ரீ-டார்க்க சோம்பேறித்தனப்பட்டு விடுறவங்க அடாப்டரே வாங்க வேணாம்.

நான் கோட்டை விட்டது ஆஃப்செட்ல, அதாவது ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து ஹப்ல படியற முகம் எவ்வளவு தள்ளி இருக்குங்கிற அளவு, அது கம்மியானா வீல் வெளிய வரும். 38 எம்எம் தான் வெளிய வரும்னு நெனச்சேன், ஆனா ஒரிஜினல் ரிம் +44, இது +31, அந்த 13ம் சேந்து பக்கத்துக்கு 51 எம்எம் தள்ளி நிக்குது. ஃபுல் லாக் ஒடிச்சா முன் டயர் வீல் வளைவுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் லைனர்ல உரசுது, சேறு கதவு வரைக்கும் தெறிக்குது, ஸ்டியரிங்கும் மேடு பள்ளத்துல கொஞ்சம் இழுக்குது.

அடாப்டருக்கு 4 ஸ்டார், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ரிம் சும்மா கெடைச்சதால தான் இந்த பாடு, காசு குடுத்து வாங்குறதா இருந்தா நேரா 6×135 ரிம்மே வாங்கிருப்பேன். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், ஸ்டெப்னி பழைய ஃபோர்டு ரிம், அது அடாப்டர் மேல ஏறாது. மழைல பஞ்சர் ஆகி, அடாப்டரையும் சேத்து கழட்டணும்னு பாத்தா உள் நட்டு குழிக்குள்ள சாதா சாக்கெட் நுழையல. இப்ப மெல்லிசு சாக்கெட் ஒண்ணு சீட்டுக்கு அடியிலயே கெடக்கு.