சேது காசா, ரோமக் காசா?

யாழ்ப்பாணத்தில் பழங்காசு சேர்க்கத் தொடங்குபவர்கள் இந்த இரண்டுக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள்.

அடையாளம்: சேது காசில் ஒரு பக்கம் நிற்கும் அரசன். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் ‘சேது’. யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசென்று அந்த இரண்டு எழுத்தே சொல்லிவிடும்.
ரோமக் காசு யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் கிடைத்தது. 4, 5ஆம் நூற்றாண்டுச் சின்னச் செம்புக் காசென்றால் எழுத்துத் தேய்ந்து, பேரரசர் தலை மட்டும் மிஞ்சியிருக்கும். இலங்கையிலேயே செய்த நகல்களும் உண்டு. எனக்கு அவைதான் ருசி.

பராமரிப்பு: இரண்டுக்கும் ஒன்றே. பழப்புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நான் ஒரு நந்தியை அப்படித்தான் இழந்தேன்.

சட்டம்: இரண்டுமே 1815க்கு முந்தியவை, அதனால் இலங்கைச் சட்டப்படி தொல்பொருள்கள்; அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கச் சேது காசு. பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால், சரி, ரோமக் காசு.