கத்தி நன்று, போல்ட்தான் ஏமாற்றம்

டிராக்டரின் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் என் ஆறடி ரோட்டவேட்டருக்கு 42 கத்திகள் கொண்ட போரான் எஃகு செட் வாங்கி மாட்டினேன். கரம்பில் கல்லில் பட்டும் ஒன்றுகூட முறியவில்லை. இடது, வலது கத்திகளைத் தனித்தனியாகக் கட்டி அனுப்பியிருந்தது நல்ல காரியம். கலந்துவிட்டால் பாதி நாள் போகும்.

கூடவே வந்த போல்ட்டுகள்தான் மட்டம். தலையில் 10.9 என்ற உறுதித் தர முத்திரை இல்லை. முறுக்கும்போதே இரண்டில் மரை போய்விட்டது. வேறு வாங்கிப் போட்டேன்.

மாற்றும் முன் என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிராக்டரின் சுழல் விசையை ரோட்டவேட்டருக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டைக் கழற்றி, அடியில் இரண்டு பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்தேன். தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை விடுகிற ஆள் நான் இல்லை.

இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்ப முறுக்கியபோது, ஐந்து போல்ட்டுகள் இன்னும் கால் சுற்று ஏறின.